பம்பு ஸ்டவ்வும் தோல் வாஷரும்

எழுபதுகளில், கும்மிடிப்பூண்டி கடைத்தெருவில், ஸ்டவ் விற்கும் கடையில் ஓர் அம்மாளைப் பார்த்தேன். நெடுநெடுவென்று உயரம். கோபம் ஏற ஏறக் கொண்டையை அவிழ்த்து அவிழ்த்து முடிந்துகொண்டிருந்தார். காற்று ஏறாத மண்ணெண்ணெய்ப் பம்பு ஸ்டவ்வுக்குத் தோல் வாஷர் தேடி, என்னைப் போலவே அவரும் வந்திருந்தார்.

“வாஷர் தனியா வர்றதில்ல. புது ஸ்டவ்வா வாங்கிக்கினு போம்மா,” என்றார் கடைக்காரர். சில வாரங்களாக எனக்கும் அதே பதில்தான்.

“இன்னா நைனா, பட்டன் அறுந்தா சட்டையையே தூக்கிப் போட்டுடுவியா? ஊட்ல புள்ளைங்க பட்டினியா கெடக்குது.”

கடைக்காரர் பேப்பரைப் புரட்டினார்.

அந்த அம்மாள் அலமாரியிலிருந்த புது ஸ்டவ்வை இறக்கினார். பம்பைத் திருகி உருவி, வாஷரைக் கழற்றிக்கொண்டு, அதற்குண்டான காசை மேஜைமேல் வைத்தார்.

“வாஷர் வந்தா நீயே போட்டுக்க. உன் ஸ்டவ் சும்மா நிக்கிறதுதான?”

அவர் போனதும் கடைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே இழுப்பறையைத் திறந்தார். உள்ளே ஒரு டப்பா நிறையத் தோல் வாஷர்கள். அதில் ஒன்றை எடுத்து, நான் நிற்பதைக்கூடப் பொருட்படுத்தாமல், ஸ்டவ்வில் மாட்டினார்.

அந்த அம்மாளைக் கூப்பிடத் தெருவுக்கு ஓடினேன். அவர் ஏறிய பஸ் கிளம்பிவிட்டிருந்தது.

அந்த டப்பாவைப் பார்த்திருந்தால் அவர் என்ன செய்திருப்பார் என்று இன்றும் யோசிக்கிறேன்.