நனையாத பனியன்

பொறுமையைப் பற்றி யாராவது எனக்குப் பாடம் எடுத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். போன மாதம் எங்கள் சபையில் ஓர் இளைஞர் டிரையத்லான் முடித்துவிட்டு வந்து சாட்சி சொன்னார். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒரே மூச்சில் முடித்தாராம். விசுவாச வாழ்க்கைக்கு வேண்டிய சகிப்பை அதில் கற்றுக்கொண்டாராம். நல்ல பையன்தான். எல்லோரும் அல்லேலூயா சொன்னார்கள், எனக்கு மட்டும் வாய் எழவில்லை. எழுபதுகளின் நடுவில் அதே மாதிரி ஒரு பந்தயத்தில் நானும் ஓடியிருக்கிறேன்.

கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம், கேரள எல்லைக்குள் எங்கள் ஊர். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அப்பாவும் அம்மாவும் ஒரு பெரிய தோட்டக்காரரிடம் கூலி வேலை செய்தார்கள். எங்கள் ஆட்கள் அவரைப் பண்ணாடி என்றுதான் கூப்பிட வேண்டும். தாத்தா காலத்திலேயே வேதத்துக்கு வந்த குடும்பம் எங்களுடையது. ஞானஸ்நானத்தில் எங்களுக்குப் புதுப் பெயர் கிடைத்தது, ஊரார் கிணற்றில் இறங்கும் உரிமை கிடைக்கவில்லை.

பண்ணாடியின் கிணறு நாலு பக்கமும் கல் கட்டியது. கோடையில் தூர் வாரும்போது அப்பாவும் நானும் இடுப்பளவு சேற்றில் நின்று கூடை கூடையாக அள்ளிக் கொடுப்போம். தண்ணீர் ஊறி மேலே வந்துவிட்டால் எங்கள் கால் அதன் படியில் படக்கூடாது. சேறு எங்களுக்கு, தண்ணீர் அவர்களுக்கு. அதனால் நான் நீச்சல் பழகியது பெரிய வாய்க்காலில்தான். தண்ணீர் விடுகிற மாதங்களில் வேலைக்குப் போகுமுன் பாலத்திலிருந்து மதகு வரை எதிர்நீச்சல் போடுவேன். கை ஓய்ந்தால் தண்ணீர் பாலத்துக்கே திருப்பித் தள்ளிவிடும். பிடித்துக்கொள்ள அங்கே எதுவும் கிடையாது. வாயில் ஜெபமும் தண்ணீரும் ஒன்றாகத்தான் போகும்.

அந்தக் கார்த்திகையில் ஊர் இளைஞர் மன்றத்தின் ஆண்டு விழாவுக்குப் பந்தயம் வைத்தார்கள். லீவில் வந்த ஒரு ராணுவக்காரர் சொன்ன யோசனை. பண்ணாடியின் கிணற்றைக் குறுக்கே இருபது தடவை நீந்த வேண்டும். அங்கிருந்து செக்போஸ்ட் வரை சைக்கிளில் போய்த் திரும்ப வேண்டும். பிறகு வாய்க்கால் கரையோடு பள்ளிக்கூட மைதானம் வரை ஓட்டம். எங்கள் ஆட்களில் நான் ஒருவன்தான் பேர் கொடுத்தேன். வாங்கி எழுதிக்கொண்டார்கள். அது என்னை ஏமாற்றிவிட்டது.

பந்தயத்தன்று பனியனோடு கிணற்று மேட்டுக்குப் போனேன். மன்றத்தின் செயலாளர் நோட்டும் கையுமாகக் குறுக்கே வந்தார்.

"நீ எறங்க வேண்டாம்ப்பா. மேலயே நில்லு. கடைசி ஆளு கரையேறுனதும் உன்னைய உடறோம். சைக்கிளும் ஓட்டமும் நீ பண்ணிக்க."

"ஏனுங்க, எனக்கு நல்லா நீச்சல் தெரியுமுங்க."

"தெரியாதுன்னு ஆரு சொன்னா? பண்ணாடி ஊட்டுல குடிக்கிற தண்ணியல்ல இது?"

எங்கள் சபையின் உபதேசியார் வேடிக்கை பார்க்க வந்திருந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தோளில் கை போட்டார். "பொறுத்துக்க கண்ணு. நம்ம ஓட்டமெல்லாம் பரலோகத்துக்குத்தான். இதுல சண்டை போட்டுச் சாட்சியக் கெடுத்துக்காத." அவர் கெட்டவர் இல்லை. ஆனால் சபைக் கூரைக்கு மூங்கில் தருவதாகப் பண்ணாடி சொல்லியிருந்தார், அது எனக்குத் தெரியும்.

நின்றேன். என் வாழ்நாளில் அதைவிடக் கேவலமாக நான் எங்கும் நின்றதில்லை. கீழே ஒன்பது பேர் நீந்தினார்கள். ஒவ்வொரு குறுக்குக்கும் சுவரைப் பிடித்து மூச்சு வாங்கினார்கள். ஒருவன் படியில் உட்கார்ந்தே கொஞ்ச நேரம் இளைப்பாறினான். கடைசி ஆள் சாவகாசமாக ஏறி வந்து தலை துவட்டி, கால்சட்டையைப் பிழிந்து போட்டுக்கொண்ட பிறகு செயலாளர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

வாடகை சைக்கிள், பிரேக் பிடிக்காது. அதுவும் நல்லதுதான் என்று மிதித்தேன். செக்போஸ்ட்டில் திரும்பும்போது நாலு பேர் எனக்குப் பின்னால் இருந்தார்கள். வாய்க்கால் கரையில் மீதிப் பேரையும் தாண்டினேன். ஈரம் சொட்டிய உடம்புகளுக்கு நடுவே காய்ந்த பனியனோடு ஓடினவன் நான் ஒருவன்தான். மைதானத்துக்குள் முதலில் நுழைந்ததும் நான்தான்.

மைக்கில் இரண்டாவதாக வந்தவன் பேரைச் சொன்னார்கள். கப்பும் அவனுக்கே போயிற்று. செயலாளரிடம் ஓடினேன். நோட்டைத் திருப்பிக் காட்டினார். என் பேருக்கு நேரே நீந்தவில்லை என்று மலையாளத்தில் எழுதியிருந்தது.

"நீந்தாத ஆளுக்கு எப்படிப்பா கப்புக் குடுக்கறது? நாயம்னு ஒண்ணு இருக்குதல்ல?"

நியாயமாம்! நீந்த விடாதவரே நீந்தவில்லை என்று எழுதுகிறார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை உபதேசியாரின் பிரசங்கம் பொறுமையைப் பற்றி. நடுவில் என்னைக் கைகாட்டி, "நம்ம தம்பி முறுமுறுக்காம ஓடி முடிச்சாரு, அதுதான் விசுவாசம்" என்றார். நான் எழுந்துவிட்டேன்.

"முறுமுறுத்தேனுங்க. கெணத்து மேட்டுல முறுமுறுத்தேன், சைக்கிள்ல முறுமுறுத்தேன், இப்பவும் அதுதானுங்க பண்றேன்."

பக்கத்து வரிசையிலிருந்து அம்மா, உட்காருடா என்று கண்ணைக் காட்டினாள். நான் வெளியே போய்விட்டேன். வாய்க்காலில் கை கடுக்கக் கடுக்க விடாமல் எதிர்நீச்சல் போட்டேனே, அதைச் சகிப்பு என்று சொன்னால் ஒத்துக்கொள்வேன். அதைத்தான் ஆண்டவர் என்னிடம் கேட்பார் என்று நம்புகிறேன். ஒருவனைக் கரையில் நிறுத்திவைத்துவிட்டு, அவன் வாய் மூடி நிற்பதற்கு அந்தப் பெயரை வைக்கக் கூடாது.

தை மாதத்தில் பண்ணாடியின் பம்புசெட் நின்றுபோனது. கிணற்றின் அடியில் குழாய் முனையில் இருக்கும் புட்வால்வு கழன்று விழுந்திருந்தது. கப்பு வாங்கினவனும் மற்றவர்களும் முங்கிப் பார்த்தார்கள். அவ்வளவு ஆழத்துக்கு யாருக்கும் மூச்சு நிற்கவில்லை. என்னைக் கூப்பிட ஆள் வந்தது. போனேன். பண்ணாடி கிணற்று மேட்டில் நின்றிருந்தார், செயலாளரும் கூட இருந்தார். அப்பா கொஞ்சம் தள்ளித் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏப்பா, நீ வாய்க்கால்ல எதிர்நீச்சலே போடுவியாமா. எறங்கி அதை எடுத்துக் குடு. கரும்பு காயுது" என்றார் பண்ணாடி.

குடிக்கிற தண்ணீர்தானே இது என்று யாரும் சொல்லவில்லை. பண்ணாடியின் நிலத்தில் எங்கள் குடிசை நின்ற பத்து சென்ட் அதற்குள் நிலச் சீர்திருத்தச் சட்டப்படி எங்களுக்கு வந்துவிட்டிருந்தது. இல்லாவிட்டால் அன்றைக்கு எனக்கு வாய் வந்திருக்குமா என்று இப்போதும் யோசிக்கிறேன்.

"நான் நீந்தாத ஆளுங்க. உங்க நோட்டுலயே அப்படித்தானுங்க இருக்குது."

பண்ணாடி செயலாளரைப் பார்த்தார். செயலாளர் தரையைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் துண்டைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் நடக்க ஆரம்பித்தார். பண்ணாடி முன்னால் அப்பாவின் தோளில் துண்டை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பொள்ளாச்சியிலிருந்து முங்குகிற ஆள் வர நாலு நாள் ஆயிற்று. நான் மறுத்த மறுநாளே அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பண்ணாடி தோட்டத்தில் வேலை இல்லை என்றார்கள். மூன்று மைல் நடந்து வேறு தோட்டத்துக்குப் போனார்கள். ஒரு நாளும் அதை என்னிடம் குறையாகச் சொன்னதில்லை.

கிணற்றில் இறங்க மறுத்த அன்று சாயங்காலமே நான் வாய்க்காலுக்குப் போனேன். பந்தயத்தில் போட்ட அதே பனியனோடு பாலத்தடியில் இறங்கி, மதகு வரை நீந்தினேன்.