காத்திருக்கும் நாளையும் சேர்த்துச் சொன்னவர்

செவ்வாய்க்கிழமை காலை தனலட்சுமியின் கணவர் தொலைபேசியில் அழைத்தார். "தனம் போய்ட்டா சார்" என்றார்.

தட்டாஞ்சாவடியில் ஒரு பட்டறையின் மாடியில் நான் மென்பொருள் நிறுவனம் தொடங்கியபோது முதலில் சேர்ந்தவர் தனலட்சுமி. வருகிற வேலைக்கு எத்தனை நாளாகும் என்று கணித்துச் சொல்வது அவர் பொறுப்பு. புரோகிராம் எழுத இத்தனை நாள், சோதிக்க இத்தனை நாள் என்று எழுதி, கடைசி வரியில் 'காத்திருக்கும் நாள்' என்று சேர்ப்பார். வாடிக்கையாளர் நமக்குப் பதில் சொல்ல எடுத்துக்கொள்ளும் நாட்கள் அவை. "சும்மா உக்காந்திருக்கறதெல்லாம் ஒரு வேலையாங்க?" என்று அந்த வரியை அடித்துவிட்டுத்தான் நான் கையெழுத்துப் போடுவேன்.

சேதராப்பட்டுத் தொழிற்சாலை ஒன்றுக்கு வருகைப்பதிவு மென்பொருள் கேட்டார்கள். அவர் எழுபது நாள் என்றார். நான் நாற்பது என்று ஒப்புக்கொண்டேன். ஆழம் தெரியாமல் காலை விடுவது என் பிறவிக்குணம். ஷிப்ட் விவரங்களை எழுதித் தரவே அவர்களுக்கு மூன்று வாரம் ஆயிற்று. அந்த வேலை கைவிட்டுப் போனால் நிறுவனத்தை மூட வேண்டியதுதான். "முடிஞ்ச மாதிரி ஏதாவது காட்டிடலாம்" என்றேன். தனலட்சுமி பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நேரே பஸ் ஏறிப் போய், அங்கிருந்த மேலாளரிடம், "நாப்பது நாள்ங்கறது எங்க சாரோட ஆசைங்க. எழுபது நாள் ஆவும்" என்று சொல்லிவிட்டு வந்தார்.

நான் கத்தித் தீர்த்தேன். "திட்டுங்க சார். நாளைக்கு அவங்க திட்டறதுக்கு இது தேவல" என்றார்.

மேலாளர் முணுமுணுத்தாலும் தவணை கொடுத்தார். அறுபத்தெட்டாம் நாள் வேலை முடிந்தது. எங்கள் எல்லோருடைய பிழைப்பும் அவரால் தப்பியது. அதற்கு நான் ஒரு நன்றிகூடச் சொன்னதில்லை.

போன மாதம் கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்தேன். "ரெண்டு வாரத்துல ஆபீஸ் வந்துடுவீங்க" என்றேன். "என் வேலைய வேற ஆளுக்குக் குடுத்துடுங்க சார். நான் வர்றதா எழுதாதீங்க" என்றார். இந்த ஒரு கணிப்பாவது தப்பாகட்டும் என்று தெரிந்த சாமியையெல்லாம் வேண்டிக்கொண்டேன்.

செய்தி கேட்டு நான் போனபோது, உடலை எடுக்கிற நேரத்தை அவர் வீட்டில் பேசிக்கொண்டிருந்தார்கள். பெங்களூரிலிருந்து தனலட்சுமியின் தம்பி வர வேண்டும். ரெண்டு மணிக்கு வந்துவிடுவார், உடனே எடுத்துவிடலாம் என்றார்கள். என் வாய் என்னை அறியாமல் திறந்தது.

"நாலு மணின்னு வைங்க. காத்திருக்கலாம்."

மூன்றரைக்குத்தான் அந்தத் தம்பி ஓடி வந்தார். அக்காவின் முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு அழுதார். யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை.

போய் வாருங்கள், தனலட்சுமி.