அன்ரன் இனிக்குது என்றான்

பிரான்சில், நான் இருக்கும் லியோனில் வைனைக் குடிப்பதற்கு முன் மூக்கைக் கிளாசுக்குள் விடுகிறார்கள். எங்கள் கட்டடத்தில் குடியிருக்கும் நாங்கள் மாதம் ஒருமுறை கூடி, ஆளுக்கொரு போத்தல் திறந்து, நாக்கில் பட்டதைச் சொல்வோம். கெட்டுப்போயிருந்தால் கொண்டுவந்தவரின் முகத்துக்கு நேரேயே சொல்லிவிடுவார்கள். முதல் முறை நான் எல்லாவற்றையும் நல்லது என்றேன். பக்கத்து வீட்டு மதாம் எனக்குத் தடிமனா, மூக்கு அடைத்திருக்கிறதா என்று கேட்டார்.

நான் வளர்ந்த கொழும்பு கொட்டாஞ்சேனையில் வைன் என்பது டிசம்பரில் நத்தார்ப் பண்டிகைக்குக் கேக்கோடு வருவது. யார் வீட்டில் குடித்தாலும் நல்லாயிருக்கு என்று சொல்லிக் கிளாசை வைத்துவிடுவோம்.

இம்முறை விடுமுறைக்கு இரண்டு போத்தல்களோடு கொழும்புக்குப் போனேன். பள்ளித் தோழன் அன்ரன் இப்போது வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியில் இருக்கிறான். தொண்டைக்குக் கதிர்ச் சிகிச்சை முடிந்து மாதங்களாகியும் அவனுக்கு ருசி திரும்பவில்லை. சோற்றைக் கண்டாலே எழுந்து போய்விடுகிறான் என்று அவன் மனைவி ரோஸ்லின் தொலைபேசியில் அழுதிருந்தாள். ஒரு மிடறு வைன் பாதகமில்லை என்று டாக்டரிடம் அவளே கேட்டு வைத்திருந்தாள்.

வத்தளையிலிருந்து அவளுடைய தம்பி பைட்டுக்கு, குடிக்கும்போது கொறிக்க, காரமான டெவில் கடலையோடு வந்திருந்தான். லியோன் வழக்கப்படி ஒவ்வொருவரும் பட்டதைச் சொல்ல வேண்டும் என்றேன். வெள்ளை வைனைத் தம்பி ஐஸ் போட்டுக் குடித்தான்.

“ஜம்புப் பழம் கழுவின தண்ணி மாதிரிக் கிடக்கு அண்ணே. இதையா பிளேனில தூக்கிக்கொண்டு வந்தனீங்கள்?”

ரோஸ்லின் சிரித்தாள். அன்ரன் ஒரு மிடறு குடித்துவிட்டு யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சிவப்பைத் திறந்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. தக்கை கெட்டு, நனைந்த அட்டைப்பெட்டியின் நாற்றம். அது இனிப்பு வைனும் அல்ல. ஊற்ற வேண்டாமென்று சொல்ல வாயெடுப்பதற்குள் அன்ரன் தானே ஊற்றிக் குடித்துவிட்டான்.

“இனிக்குது,” என்றான்.

ரோஸ்லின் அவனையே பார்த்தாள். பிறகு எனக்கும் ஊற்றிக் கொடுத்தாள்.

“உங்களுக்கும் இனிக்குதா அண்ணா?”

அன்ரன் என்னைப் பார்க்கவில்லை. நான் குடித்தேன்.

“ஓம். நல்லா இனிக்குது.”

அவள் என் கையிலிருந்த கிளாசை வாங்கி ஒரு மிடறு குடித்தாள். சிறிது நேரம் விழுங்காமல் வைத்திருந்தாள்.

“ஓம், இனிப்புத்தான்,” என்று சொல்லிவிட்டு, குசினிக்குப் போய்ச் சோறு போட்டுக்கொண்டு வந்தாள். அன்ரன் எழுந்து போகவில்லை. தலையைக் குனிந்தபடி முழுவதையும் சாப்பிட்டான்.

லியோனில் அந்தப் போத்தலைத் தொட்டியில் கவிழ்த்திருப்பார்கள். அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை நான் அதைக் குடித்துக்கொண்டிருந்தேன்.