செவந்தியின் மயில் விரட்டும் பெட்டி

விராலிமலை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் உள்ள சந்தில் செவந்தியின் கடை இருக்கிறது. ரெசிஸ்டர், சென்சார், ப்ரோகிராம் ஏற்றுகிற சின்னச் சின்ன போர்டுகள் எல்லாம் அங்கே கிடைக்கும். காலேஜில் ப்ராஜெக்ட் கேட்கும் மாதங்களில் பிள்ளைகள் மொய்ப்பார்கள். மற்ற மாதங்களில் டிவி ரிமோட்டுக்கு பேட்டரி வாங்க வருகிறவர்கள்தான். அவள் கணவர் மலையாண்டி லோடு ஆட்டோ ஓட்டுகிறார். ரெசிஸ்டருக்கும் சீரகத்துக்கும் அவருக்கு வித்தியாசம் தெரியாது.

ஊர் சுற்றித் திரும்பியிருந்த நான், வெளிநாட்டு சார்ஜரை எந்த பிளக் பாயிண்டிலும் செருக முடியாமல் அந்தக் கடைக்குப் போனேன். செவந்தி உடனே சரி செய்து கொடுத்துவிட்டாள். நான்தான் கிளம்பவில்லை.

அப்போது அவர்களுக்குள் ஒரு பந்தயம் ஓடிக்கொண்டிருந்தது. கடையை செல்போன் கவர் கடையாக மாற்ற வேண்டும் என்பது மலையாண்டியின் கட்சி. ஆடி முடிவதற்குள் ஒரு விவசாயியாவது செவந்தி செய்த பெட்டியை வாங்கினால் கடை அவளுக்கு, இல்லாவிட்டால் கவருக்கு.

அது மயில் விரட்டும் பெட்டி. எங்கள் பக்கம் மயில்கள் விதைக்கடலையைத் தோண்டித் தின்றுவிடும். முருகன் வாகனம் என்பதால் யாரும் கல்லெடுக்க மாட்டார்கள். ஏதாவது அசைந்தால் சென்சார் கண்டுபிடிக்கும், போர்டு ஸ்பீக்கரில் குரல் கொடுக்கும். வெடிச் சத்தம் வைக்கச் சொன்னேன். மலைமேல் சாமி பார்த்துக்கொண்டிருக்கும்போது அவர் வண்டியை எப்படி வெடி போட்டு விரட்டுவது என்றாள். அதனால் பெட்டி அவள் குரலில் இப்படிப் பேசியது: "சாமி, கொஞ்சம் அங்கிட்டுப் போங்க சாமி. கோவிச்சுக்காதீங்க."

ஆத்மநாதன் என்ற விவசாயி தன் கடலைக்கொல்லையில் வைத்துப் பார்க்கச் சம்மதித்தார். மயில்கள் முதல் நாள் நின்று கேட்டன. மறுநாள் ஒன்று பெட்டிக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்துவிட்டது. அசையும்போதெல்லாம் மரியாதை கிடைத்ததால் அசைந்துகொண்டே இருந்தது. செவந்தி ப்ரோகிராமைத் திருத்தினாள், சத்தத்தைக் கூட்டினாள், ஒரு 'சாமி'யைக் குறைத்தாள். பலனில்லை. மலையாண்டி கவர் தொங்கவிடச் சுவரில் அளவெடுக்க ஆரம்பித்தார்.

பெட்டியைக் கழற்றப் போன அன்று நானும் கூடப் போனேன். ஆத்மநாதன் வேப்பமரத்தடியில் செல்போன் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி ரஞ்சிதா வரப்பில் வந்து நின்று ஒரு சத்தம் போட்டார்.

"ஏங்க, ஆட்டை அவுத்து விட்டுட்டு எங்கிட்டுப் போய்த் தொலைஞ்சீங்க?"

அத்தனை மயிலும் ஒரே பறப்பாகப் பறந்து அடுத்த கொல்லைக்குப் போய்விட்டன.

செவந்தி ஓடிப்போய் மைக்கை நீட்டி, அதே மாதிரி இன்னொரு தடவை பேசச் சொன்னாள். ரஞ்சிதாவுக்குக் கூச்சம், குரலே எழவில்லை. ஆத்மநாதனைக் கூட்டிவந்து எதிரே நிறுத்தியதும் தானாக வந்துவிட்டது.

இது மட்டும் சாமிகுத்தம் ஆகாதா என்று கேட்டேன்.

"திட்டு அவுக வீட்டுக்காரருக்குத்தானே. மயிலு ஒட்டுக்கேட்டுப் பயந்தா நாம என்ன பண்றது?" என்றாள்.

பெட்டியில் ரஞ்சிதாவின் குரல் ஏறியதும் மயில் வரவில்லை, கடலை முளைத்து வந்தது. ஒரே சிக்கல், சென்சாருக்கு மயிலும் ஆத்மநாதனும் ஒன்று. அவர் கொல்லைக்குள் கால் வைக்கும்போதெல்லாம் பெட்டி அதட்டியது. மனுஷர் பாவம், இங்கேதான் இருக்கிறேன் என்று அதற்குப் பதில் வேறு சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் பெட்டியை எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கடைக்கே வந்து கெஞ்சினார். கூட வந்த ரஞ்சிதா அவரை நகர்த்திவிட்டு முன்னால் வந்தார்.

"அத நாங்களே வாங்கிக்கிறோம். அப்படியே வீட்டுக்கும் ஒண்ணு போட்டுக் குடு."

ஆடி இன்னும் முடிந்திருக்கவில்லை.

போன வாரம் கடை நிறையப் பெண்கள். எல்லாருக்கும் அவரவர் சொந்தக் குரலில்தான் பெட்டி வேண்டுமாம். மலையாண்டி ஆட்டோவை நிறுத்திவிட்டு உள்ளே வந்து, என்ன கூட்டம் என்று கேட்க வாயெடுத்தார்.

"ரெக்கார்டிங் ஓடுது, சும்மா இருங்க" என்றாள் செவந்தி.

அதுவும் யாரோ ஒருவருடைய பெட்டியில் பதிவாகிவிட்டது. அழிக்க வேண்டாம், நன்றாக இருக்கிறது என்று அந்தம்மா அப்படியே வாங்கிக்கொண்டு போனார்.