ஒரே நாற்காலி போதும் என்றவள்

மினசோட்டாவின் வடக்கே, ஏரியோரத்து மரவீட்டில் ஒரே அறையில் வாழ்ந்தாள் லெம்பி ஹாப்பலா. ஒரு கட்டில், ஒரு அடுப்பு, இரண்டு கோப்பை, இரண்டு நாற்காலி. இரண்டாவது நாற்காலி அண்ணன் ஆர்விட்டுக்கு. அவர் மனைவி இறந்தபிறகு சனிக்கிழமை தவறாமல் வருவார். முற்றத்து நீராவிக் குடிலில் முறைவைத்து வியர்த்துக் குளித்துவிட்டு, இருவரும் காப்பி குடிப்பார்கள். பேச்சு குறைவு. பின்லாந்திலிருந்து வந்து குடியேறிய அந்த ஜனங்களை வாய் திறக்க வைப்பதும் பல்லைப் பிடுங்குவதும் ஒன்று.

எளிய வாழ்க்கையைப் பற்றிப் படமெடுக்க நகரத்திலிருந்து டெசா என்றொரு பெண் வந்தாள். "ஒரு நாற்காலியை எடுத்துடலாமா? ஒண்ணே ஒண்ணு இருந்தா பாக்கறவங்க மனசுல நிக்கும்" என்றாள். லெம்பி அண்ணனுடையதைத் தூக்கி விறகுக் கொட்டகையில் போட்டாள். அதோடு விட்டாளா? கேமராவைப் பார்த்து, "எனக்கு யாரும் வேண்டாம். இந்த வீட்டுல கூடுதலா ஒண்ணுமே கிடையாது" என்று வேறு அளந்தாள்.

நூலகத்தில் படம் போட்டார்கள். ஊரே கைதட்டியது. ஆர்விட்டும் தட்டினார், தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அடுத்த சனிக்கிழமை அவர் வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் இல்லை. குளிர்காலம் முழுக்க லெம்பி குடிலில் அடுப்பு மூட்டிக் காத்திருந்தாள். அவர் வீடு காரில் ஐந்து நிமிடம். போய்க் கேட்டிருக்கலாம். கேட்டால் அவருக்குச் சங்கடம் என்று இருந்துவிட்டாள். அந்த ஊரில் அதற்குப் பெயர் மரியாதை. பாழாய்ப்போன மரியாதை!

மார்ச்சில் மளிகைக் கடை மார்லிஸ்தான் சொன்னாள்: "அண்ணன் அரிசோனாவுல மக வீட்டோட போயிட்டாராமே. அங்க வெயில் ஒத்துக்குதா?"

லெம்பி சாமான் பையைக்கூட எடுக்காமல் கிளம்பினாள். வீட்டுக்கு வந்ததும் போன் போட்டாள்.

"ஒரு வார்த்தை சொல்லலியே அண்ணே!"

"உனக்குத்தான் யாரும் வேண்டாமே. படத்துல என் நாற்காலியையும் காணோம். இத்தனை வருஷமா உன்னை இம்சை பண்ணிட்டேனேன்னு ஆயிருச்சு."

"படத்துக்காகச் சொன்னதுண்ணே. புத்தி கெட்டுச் சொல்லிட்டேன். வாராவாரம் உங்களுக்காகத்தான் அடுப்பு மூட்டினேன்."



"நானும் வாராவாரம் துண்டை எடுத்துக் கார்ல வெச்சுட்டு, நீ கூப்பிடுவேன்னு உக்காந்திருந்தேன்" என்றார் ஆர்விட். "இப்ப வீட்டை வித்தாச்சு, லெம்பி."