மடைக்கல்லும் உபயக்கல்லும்

எங்கள் வட்டார வரலாற்றுச் சங்கத்தின் எந்த நிகழ்ச்சியும் சொன்ன நேரத்துக்குத் தொடங்கியதில்லை. ஆனால் சால்வை போர்த்தாமல் முடிந்ததும் இல்லை. வந்தவருக்குச் சால்வை, பேசினவருக்குச் சால்வை, மைக் செட் போட்டவருக்கு ஒரு துண்டு. சமணர் படுக்கையைக் காட்ட மலைக்குக் கூட்டிப்போன ஞாயிற்றுக்கிழமைகூட, பாறை ஏறி மூச்சு வாங்க நின்ற ஒருவருக்குப் போர்த்தினார்கள். வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்த அந்த மனிதர் அதைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். இந்தச் சங்கத்துக்குச் செயலாளர் நான். கப்பலூரில் பிளாஸ்டிக் குடம் செய்கிற கம்பெனியில் ஸ்டோர்ஸைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஞாயிறு ஆனால் கல்வெட்டு. வீட்டில் என்னைப் பற்றி என்ன பேசிக்கொள்வார்கள் என்று எழுதத் தேவையில்லை.

சங்கத்தில் எனக்கு ஒட்டுதல் வந்தது கல்வெட்டு வகுப்பால்தான். செல்லூரில் ஒரு மாடி அறை. கீழே விசைத்தறி தடதடவென்று ஓடிக்கொண்டிருக்கும். பாடம் நடத்துகிறவர் தொண்டை கிழியக் கத்துவார், நாங்கள் பதிலுக்குக் கத்துவோம். பழைய எழுத்தைக் கூட்டிப் படிக்கவும், கல்லைக் கழுவி ஈரத்தாளை ஒட்டி, பிரஷ்ஷால் தட்டி, மை ஒற்றிப் படி எடுக்கவும் அங்கேதான் பழகினேன். முதல் தடவை தாளில் எழுத்து வெள்ளையாக எழும்பி வந்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

வாடிப்பட்டிப் பக்கம் ஒரு கண்மாய்க் கரையில் அந்தக் கல் நின்றது. வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடுகிற பழைய மடையின் தூண். மடை எப்போதோ தூர்ந்துவிட்டது. தூண் மட்டும் சாய்ந்து நின்று எருமைகளுக்கு முதுகு சொறியப் பயன்பட்டுக்கொண்டிருந்தது. பாதிக்கு மேல் மண்ணுக்குள் இருந்தது. வெளியே தெரிந்த வரிகளை நானே படியெடுத்து நானே படித்தேன். இந்தக் குளத்துக்கு இந்த மடையைச் செய்து கொடுத்தாள், இன்ன ஊர் இன்னாருடைய மகள், என்பதுவரை வந்தது. மகள் என்ற சொல்லோடு மண் தொடங்கியது. அவள் பெயர் அடுத்த வரியில், கீழே.

அப்பன் பெயரும் ஊர்ப் பெயரும் வெளியே வெயில் காய்ந்துகொண்டிருக்க, காரியத்தைச் செய்தவள் பெயர் மட்டும் மண்ணுக்குள். எனக்கு அது பொறுக்கவில்லை. அவள் பெயரைத் தெரிந்துகொள்ள வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை. அங்கேயே கையால் தோண்டிவிடலாமென்று உட்கார்ந்தேன். கண்மாயில் தண்ணீர் கிடக்கும்போது கரையில் கைவைக்கக் கூடாது என்று ஊர்க்காரர்கள் எழுப்பிவிட்டார்கள். நியாயம்தான். பேசிப் பேசி, கோடையில் தண்ணீர் வற்றியதும் கல்லை எடுக்கலாம், ஆனால் சங்கத்தின் செலவில் ஒரு மேடை கட்டி ஊர் பார்க்க நிறுத்த வேண்டும் என்று முடிவானது. முதலில் கல்லை வெளியே எடுப்பது, படிப்பது, பிறகு மேடை. இந்த வரிசையைக் கூட்டத்தில் நான் வாய்விட்டுச் சொன்னேன். எல்லாரும் தலையாட்டினார்கள்.

மேடைக்குப் பணம் திரட்ட ஒரு கல்யாண மண்டபத்தில் மாலை விருந்து வைத்தோம். பழைய மதுரையின் படங்களைச் சுற்றிலும் மாட்டி, பழைய நகரத்து பாய் வீட்டுப் பிரியாணியும், சௌராஷ்டிர வீட்டுப் பெண்கள் செய்த பலகாரமும் டோக்கனுக்கு. பிரியாணிக்கு இருந்த கூட்டத்தில் நூற்றில் ஒரு பங்கு படங்களுக்கு முன்னால் நின்றிருந்தால் என் மனம் குளிர்ந்திருக்கும். நான் மேடையேறி, அந்தக் கல்லைப் பற்றி, பெயர் தெரியாத அந்தப் பெண்ணைப் பற்றி, எனக்குத் தெரிந்த மட்டும் உருக்கமாகப் பேசினேன். முன்வரிசையில் ஒருவர் பல் குத்திக்கொண்டிருந்தார். நன்கொடை ஒன்றும் நகரவில்லை.

எங்கள் தலைவர் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். நல்ல மனிதர், விழா என்றால் மட்டும் புத்தி பேதலித்துவிடும். அவர் என் கையிலிருந்து மைக்கை வாங்கினார்.

"குடுக்கிறவுக பேரு எல்லாத்தையும் கருங்கல்லுல வெட்டி மேடையில பதிப்போம். காலத்துக்கும் நிக்கும்!"

அவ்வளவுதான். நாற்காலிகள் நகர்ந்தன. கோயில் டியூப்லைட்டில் வெளிச்சமே வெளியே வராத அளவுக்கு உபயம் எழுதுகிற ஊர் எங்கள் ஊர். கருங்கல் என்றதும் சும்மா இருக்குமா? தன் பேர், சம்சாரம் பேர், பேரன் பேர், கடைப் பேர் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. போகட்டும், கல் வெளியே வந்தால் சரி என்று வாயை மூடிக்கொண்டேன்.

கண்மாய் வற்றியது. ஆனால் ஆனி மாதம் முடியப்போகிற நேரத்தில் எங்கள் கம்பெனியில் ஸ்டாக் எடுப்பு. காலையில் போனால் இருட்டித்தான் வீடு. கல்லை எடுக்கிற அன்று மட்டும் கூப்பிடுங்கள், லீவு போட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்று தலைவரிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். "அதெல்லாம் நீ இல்லாமயா தங்கச்சி" என்றார். அழைப்பிதழ்தான் வந்தது. ஆடி பிறப்பதற்கு முந்தைய முகூர்த்தத்தில் திறப்பு விழா.

பதறிப்போய் ஃபோன் போட்டேன்.

"என்னண்ணே, கல்லை எடுத்தாச்சா? படிச்சது யாரு?"

"நீ கெளம்பி வா தங்கச்சி. வந்து பாரு, அசந்து போவ."

அசந்துதான் போனேன். கண்மாய்க் கரையில் பந்தல், ஃப்ளெக்ஸ், நாற்காலி. நடுவே டைல்ஸ் ஒட்டிய ஒரு மேடை, என் இடுப்புக்கு மேல் உயரம். அதன் முகப்பு முழுக்கப் பளபளக்கிற கருங்கல்லில் பொன் எழுத்தில் பெயர்கள். மேடைக்கு மேலே முளைவிட்டதுபோல் என் மடைக்கல்லின் தலை மட்டும் தெரிந்தது. நான் படித்திருந்த வரிகளில் முதல் வரிதான் வெளியே இருந்தது. மகள் என்ற சொல்லும் உள்ளே போய்விட்டது.

விழா நடந்துகொண்டிருக்கும்போதே தலைவரைப் பந்தலுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனேன்.

"என்னண்ணே பண்ணி வச்சிருக்கீக? கல்லை எடுத்துப் படிச்சிட்டுத்தான மேடைன்னு பேசுனோம்?"

"அட, கோவப்படாத. ஆட்டுனா ஒடைஞ்சிரும்னு கொத்தனாரு பயந்தாரு. ஆடி வேற பொறக்கப் போகுது. அதான் எடுக்காம அப்படியே சுத்திக் கான்கிரீட் போட்டுட்டோம். இனி ஆனை முட்டுனாலும் அசையாது."

"இம்புட்டு உசரம் எதுக்குண்ணே? முழங்கால் உசரந்தான பேசுனோம்?"

"பேரு அம்புட்டு சேர்ந்துபோச்சு தங்கச்சி. உபயக்கல்லு வந்து எறங்குச்சு, மேடையில நிக்கல, தரையில இடிக்குது. அப்புறம் என்ன செய்ய? மேடையைத் தூக்கிட்டோம்."

கல்லைக் காப்பாற்றப் பணம் கேட்டோம். பணம் கொடுத்தவர்கள் பெயருக்குக் கல் வைத்தோம். அந்தக் கல்லுக்கு இடம் போதாமல், காப்பாற்ற வந்த கல்லைப் புதைத்தோம். கல்வெட்டு படிக்கத் தெரிந்தவர்கள் நிறைந்த ஒரு சங்கம் இதைச் செய்தது. வேறு யாராவது செய்திருந்தால் கண்டனக் கூட்டம் போட்டிருப்போம். அதற்கும் சால்வை போர்த்தியிருப்போம். அந்த நேரம் பார்த்து மைக்கில் என்னைக் கூப்பிட்டார்கள். போகவில்லை. ஒரு பெண் சால்வையோடு என்னைத் தேடி வந்து, நான் நின்ற இடத்திலேயே போர்த்திவிட்டு, ஃபோட்டோவுக்குத் திரும்பச் சொன்னாள்.

அடுத்த கூட்டத்தில் மேடையை உடைக்க வேண்டும் என்று சொன்னேன். ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. "அம்புட்டுப் பேரோட பேரு இருக்கு. ஒடைச்சா மனசு புண்படாதா?" என்றார் தலைவர். இன்னொருவர், உள்ளே இருந்தால் எழுத்து பத்திரமாகத்தானே இருக்கும், வருகிற தலைமுறை எடுத்துப் படித்துக்கொள்ளும் என்றார். கல்வெட்டு வகுப்பில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவர் அவர். ராஜினாமா எழுதித் தருகிறேன் என்று கத்திவிட்டு வந்தேன். எழுதவில்லை. நானும் போய்விட்டால் அந்தப் பெயரைக் கேட்க ஆள் இருக்காது.

ஆவணியில் தலைவரிடமிருந்து ஃபோன்.

"தங்கச்சி, மேடைய உடைக்கப் போறோம். காலையில வந்துரு."

தாள், பிரஷ், மை, மை ஒற்றுகிற துணிப்பொட்டலம், தண்ணீர்க் குடம் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு, கம்பெனிக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு, முதல் பஸ்ஸில் வாடிப்பட்டிக்குப் போய் அங்கிருந்து ஆட்டோவில் போனேன். கொத்தனார் ஏற்கெனவே உளி வைத்துத் தட்டிக்கொண்டிருந்தார். உபயக்கல்லின் ஓரங்களில் மட்டும். பக்கத்தில் புதிதாக இன்னொரு உபயக்கல் சாக்குக்கு மேல் படுத்திருந்தது. செல்லூரில் ஜவுளிக்கடை வைத்திருக்கிற ஒருவர் கொடுத்திருந்த பெயர் பழைய கல்லில் விட்டுப்போயிருந்ததாம். அவர் வந்து சத்தம் போட்டதும் சங்கம் ஆடிப்போய் மொத்தக் கல்லையும் புதிதாக வெட்டியிருக்கிறது.

நான் கேட்டு உடைக்காத மேடை!

"அண்ணே, ஒடைக்கிறதுதான் ஒடைக்கிறீக, உள்ளயும் ஒடைச்சிருங்க" என்றேன் கொத்தனாரிடம்.

"தலைவரு முகப்பை மட்டுந்தாம்மா சொன்னாரு. உள்ள கம்பி கட்டிப் போட்டுருக்கு. மெஷின் வரணும்."

தலைவருக்கு ஃபோன் போட்டேன். எடுக்கவில்லை. பழைய கல் பெயர்ந்து விழுந்த இடத்தில் கையை வைத்துப் பார்த்தேன். சொரசொரவென்று கான்கிரீட். அவள் அதற்குப் பின்னால் ஒரு முழத்தில் இருந்தாள். கொண்டுபோன தாளை என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்திருந்தேன். புதுக்கல் ஏறிவிட்டது.

ஜவுளிக்கடைக்காரர் அப்போதுதான் பைக்கில் வந்து இறங்கினார். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்பதென்று எழுந்தேன். அவர் என்னைக் கவனிக்கவில்லை. கல்லுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பெயர்களில் விரலை ஓட்டித் தேடி, ஓரிடத்தில் நிறுத்தினார். அங்கே இருந்தது அவர் பெயர் இல்லை.

"எங்கம்மா பேருக்கா" என்றார் திரும்பி. "தறியிலயே கெடந்து செத்துச்சு. கடை எம்பேருல, வீடு எங்கப்பா பேருல. ரேசன் கார்டு தவிர அது பேரை ஒருத்தரும் எங்கயும் எழுதுனதில்ல."

அவர் ஃபோனில் படம் எடுத்தார். வெயில் கல்லில் பட்டுக் கண்ணைக் கூசவைத்தது. தள்ளி நின்று மறுபடி எடுத்தார். என்னிடம் நீட்டிக் காட்டினார்.

"நல்லா விழுந்திருக்காக்கா?"

"நல்லா இருக்கு தம்பி."

எழுந்தவர் மேடைக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்த கல்லின் தலையைப் பார்த்தார்.

"ஆமா, இது யாரு வச்ச கல்லுக்கா?"

"ஒரு பொம்பள. இந்தக் கண்மாய்க்கு மடை கட்டிக் குடுத்தவ."

"அப்படியா! அவுக பேரு என்ன?"

"தெரியலப்பா" என்றேன்.