மாஜிஸ்திரேட் கேட்டபோது சொல்லாதது

என் கணவரைப் போலீஸார் கூட்டிக்கொண்டு போனது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறை ஒன்றில் அவருக்கு வேலை. எனக்கு அதே எஸ்டேட்டில், துணி ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் செக்கிங். பட்டாபிராமிலிருந்து இருவரும் ஒரே ரயிலில்தான் போவோம். அன்று நான் மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு ஸ்டேஷனுக்கு வந்தபோது அவரைக் காணவில்லை. வெளியே இருந்த டீக்கடைக்காரர்தான் விஷயத்தைச் சொன்னார்.

"மப்டில ரெண்டு பேரு வந்தாங்கம்மா. பைக் திருட்டு கேஸாம். விசாரிச்சிட்டு உட்டுடறோம்னு இட்டுகினு போய்ட்டாங்க."

நீலச் சட்டைக்காரன் ஒருவன் வண்டியைத் தள்ளிக்கொண்டு போவது எங்கோ கேமராவில் பதிவாகியிருந்ததாம். எங்கள் வீட்டுக்காரரின் கம்பெனிச் சட்டையும் நீலம்தான். அந்த எஸ்டேட்டில் பாதிப் பேருக்குச் சட்டை நீலம்.

போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்க்கவே இல்லை. "அப்படி யாரையும் இங்க கூட்டிகினு வரலயே." வாசலில் என் கணவருடைய செருப்பு கிடந்தது. வார் அறுந்து, நானே நரம்பு போட்டுத் தைத்த செருப்பு. அதைக் காட்டினேன். "செருப்புக்கெல்லாம் நாங்க கணக்கு வெச்சிகினு இருக்க முடியுமா? ஊட்டுக்குப் போம்மா" என்றார். எதிர்ச்சாரியில் மாலை வரை நின்றேன். உள்ளேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. ரோட்டில் போன லாரிகளின் இரைச்சலில் வந்தாலும் கேட்டிருக்காது.

மறுநாள் மாலை கோர்ட்டுக்குக் கொண்டுவந்தபோதுதான் அவரைப் பார்த்தேன். வலது கையில் மாவுக்கட்டு. முந்தைய நாள் பிடித்தவரை அன்று காலையில்தான் பிடித்ததாக எழுதியிருந்தார்கள். வராந்தாவில் ஜன்னலோரம் நின்றதால் உள்ளே பேசியது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"போலீஸ் அடிச்சாங்களா?" என்று மாஜிஸ்திரேட் கேட்டார்.

"இல்லைங்க ஐயா."

"கையில என்ன?"

"பாத்ரூம்ல வழுக்கி உழுந்துட்டேன்."

அவர் தலை குனிந்தே இருந்தது. மாஜிஸ்திரேட் சற்று நேரம் அந்தக் கட்டைப் பார்த்தார். டாக்டர் எழுதியிருந்ததும் அதேதான். மாஜிஸ்திரேட் கையெழுத்துப் போட்டார். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள்.

ஜாமீனில் வந்த பிறகு நான்தான் அவரைக் குளிப்பாட்டினேன். முதுகில் பட்டை பட்டையாகக் கன்றிப் போயிருந்தது. உள்ளங்கால் வீங்கி, தண்ணீர் பட்டாலே காலை இழுத்துக்கொண்டார். சுவரைப் பார்த்தபடி ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒப்புக்கொள்ளச் சொன்னார்கள், செய்யாததை எப்படி ஒப்புக்கொள்வது என்று கேட்டதற்கு, கையை மேஜை மீது வைத்துப் பிடித்துக்கொண்டார்கள். எஸ்.ஐ.யே அடித்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்குமுன் கூட வந்த போலீஸ்காரர் பதில் சொல்லிவிட்டார்.

ஜாமீன் எடுத்துக் கொடுத்த வக்கீலம்மா கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை மாடியில் இருந்தார். அவரிடம் போய் என்ன செய்யலாம் என்று கேட்டேன்.

"மூணு வழி இருக்கு. மனித உரிமை ஆணையத்துக்குப் போகலாம், ஆனா ஒரு வருஷத்துக்குள்ள போகணும். மாஜிஸ்திரேட் கோர்ட்டுலயே அவங்க மேல தனிப்புகார் போடலாம். இல்லன்னா ஹைகோர்ட்டுல ரிட். எதுக்குப் போனாலும் முதல்ல உங்க வீட்டுக்காரர் வாயத் திறக்கணும். அவர் சொல்லாம நான் ஒண்ணும் செய்ய முடியாதும்மா."

அவர் வாயைத் திறக்கவில்லை. "உடும்மே. கட்டு பிரிச்சா சரியாப்பூடும்" என்று படுத்துக்கொண்டார்.

கட்டைப் பிரிப்பதற்குள் உண்மையான திருடன் வேறொரு ஊரில் வண்டிகளோடு பிடிபட்டான். இவர் பெயரை வழக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். யாராவது வந்து தப்பு நடந்துவிட்டது என்று சொல்வார்கள் என நான் பைத்தியக்காரத்தனமாக எதிர்பார்த்தேன். ஒரு ஏட்டு வந்தார். கையில் ஆப்பிள் பை.

"மேட்டரு முடிஞ்சிபோச்சிம்மா. வக்கீலாண்டல்லாம் போய்கினு இருக்கியாமே? எஸ்.ஐ.க்கும் கொயந்த குட்டி கீது. உனுக்கும் பொண்ணு கீது, தனியா ஸ்கூலுக்குப் போய் வருது. பாத்துக்கோ."

குரலை உயர்த்தாமல்தான் பேசினார். அந்த மாதமே வீட்டுக்காரம்மா வீட்டைக் காலி செய்யச் சொன்னார். போலீஸ் வந்து போகிற வீடு என்று தெருவில் பேசுகிறார்களாம். குத்தம்பாக்கத்தில் ஒரு வீடு பிடித்தோம். மகள் பள்ளி மாறினாள்.

பட்டறை முதலாளி அவரைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார். ஆனால் இரண்டு விரல்கள் மடங்கவில்லை. ஜாப் என்கிற இரும்புத் துண்டை மெஷினில் பிடித்து இறுக்க முடியவில்லை. கொஞ்ச நாள் பார்த்துவிட்டு, கை சரியானதும் வரச் சொல்லி அனுப்பிவிட்டார்.

ஒரு மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், இடது கையில் ஸ்பூனோடு என்னைப் பார்த்தார். "அந்த வக்கீலம்மாவப் பாக்கலாமா?"

நான் காரணம் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

"அடிச்சதுகூட மறந்துரும்போல கீது. அந்த ஜட்ஜாண்ட நானே என் வாயால வழுக்கி உழுந்தேன்னு சொன்னம்பாரு, அதான் தூங்க உட மாட்டேங்குது."

ஆணையத்தில் மனு கொடுத்தோம். விசாரணை பல மாதம் தள்ளித் தள்ளிப் போனது. ஸ்டேஷன் கேமராப் பதிவைக் கேட்டதற்கு, அந்த வாரம் கேமரா பழுது என்று பதில் வந்தது. நான் செருப்பைப் பார்த்ததைச் சொன்னேன். எஸ்.ஐ.யின் வக்கீல், ஊரில் யார்தான் செருப்பைத் தைத்துப் போடுவதில்லை என்று கேட்டார். இரண்டு பேர் சிரித்தார்கள். டீக்கடைக்காரர் சாட்சி சொல்ல வரவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் கடை ரோட்டோரம்தான் இருக்கிறது.

கடைசியில் அந்த வக்கீல் என் கணவரை மடக்கினார். "மாஜிஸ்திரேட் உங்களைக் கேட்டாரா இல்லையா? அடிக்கலைன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ஆமாங்க."

"அப்ப அங்க சொன்னது பொய்யா, இங்க சொல்றது பொய்யா?"

என் கணவர் முன்னாலிருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டார். "அங்க சொன்னதுதான் பொய். அப்ப எஸ்.ஐ. எனுக்குப் பின்னாலயே நின்னுகினு இருந்தாரு. சொன்னா திரும்ப அவரு கூடத்தான் வண்டில ஏறணும். அந்த ஐயா கேட்டுட்டு ஊட்டுக்குப் பூடுவாரு. நான் எங்க போவேன்?"

விசாரித்தவர் அதை அப்படியே பதிவு செய்யச் சொன்னார்.

தீர்ப்பு எங்களுக்குச் சாதகமாகவே வந்தது. அரசு இழப்பீடு தர வேண்டும், அதை எஸ்.ஐ.யின் சம்பளத்தில் பிடிக்க வேண்டும், அவர் மேல் துறை நடவடிக்கை எடுக்க வேண்டும். அன்று பேருந்தில் வரும்போது சென்னீர்குப்பம் தாண்டும்வரை நான் அழுதுகொண்டே வந்தேன். அடுத்த மாதம் எஸ்.ஐ. ஹைகோர்ட்டில் தடை வாங்கிவிட்டார். தடை இன்னும் இருக்கிறது. அவர் வேறு ஸ்டேஷனுக்கு மாறிப்போய் அதே வேலையில்தான் இருக்கிறார்.

என் கணவர் இப்போது திருமழிசைப் பக்கம் ஒரு குடோனில் வாட்ச்மேன். யூனிஃபார்ம் போட்ட யாராவது கேட்டருகே வந்தால் எழுந்து நின்றுவிடுகிறார். கூரியர்காரர் வந்தாலும்கூட.

சென்ற மாதம் வக்கீலம்மா தனிப்புகாரையும் போட்டார். மாஜிஸ்திரேட் முன்னால் என் கணவர் சத்தியம் செய்து வாக்குமூலம் கொடுக்க வேண்டியிருந்தது. அன்று காலை அவருக்குச் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டேன். கோர்ட் வாசலில் வக்கீலம்மா, "இதுவும் வருஷக்கணக்கா இழுக்கும்ணே, இப்பவே சொல்லிடுறேன்" என்றார்.

"இழுக்கட்டும்மா" என்றார் அவர்.

பெயரைக் கூப்பிட்டார்கள். என்னை வராந்தாவிலேயே இருக்கச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.